மெலா ஸெய்னெல் விழுங்கிய பெயர்

நம் அரசர் மீர் அமர்ந்திருந்த மெத்தையில் இன்று அமர்ந்திருக்கும், சுல்தான் அனுப்பிய மேன்மைமிகு பாஷா அவர்களே! அவர் பக்கத்தில் நின்று என் பேச்சை ரூமியரின் மொழியில் எடுத்துச் சொல்லும் தம்பி தெர்வேஷ் அவர்களே! ஹெலான் நகரத்துப் பெரியோர்களே! திரைக்கு அப்பால் அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களே! மறைந்தவரோடு இருபது ஆண்டுகள் மதரஸாவில் பாடம் சொன்ன மெலா கலெந்தரின் ஸலாம்.

தெர்வேஷ், நீ இந்த ஊரில் பிறந்தவன். எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. திணறினால் 'தங்களைப் புகழ்கிறான்' என்று சொல்லிவிடு.

மறைந்துவிட்டார்! பெரிய பள்ளிவாசலில் பிரசங்கம் செய்த கதீப், ஆசான்களுக்கெல்லாம் ஆசான், மெலா ஸெய்னெல் மறைந்துவிட்டார்! காய்ச்சலில் போனார் என்கிறார் பாஷாவின் மருத்துவர். உண்மைதான். எழுபதைத் தாண்டிய மனிதரைப் பனிக்காலத்தில் கோட்டைக் களஞ்சியத்தின் கல்தரையில் கிடத்தினால் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

என்ன செய்தார் அவர்? வாள் எடுத்தாரா? கோட்டை கட்டினாரா? இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் மிம்பர் மேடையில் ஏறினார். குத்பா உரையில் அரசருக்காக துஆ செய்யும் இடம் ஒன்று வரும். அங்கே யார் பெயரைச் சொல்கிறோமோ அவருடைய குடிகள் நாம். மேற்கே ரூமின் சுல்தான். கிழக்கே அஜமின் ஷா. நடுவே கையகலத்துக்கு நாம். அவருக்கு முன்பிருந்த கதீப் சுல்தானின் பெயரைச் சொன்னார். ஷாவின் படை வந்து கீழ்த்தெருவை எரித்தது. பயந்துபோய் ஷாவின் பெயரைச் சொன்னார். சுல்தானின் படை வந்து மேல்தெருவை எரித்து, அவரையும் தூக்கில் போட்டது.

அதற்குப் பிறகுதான் நம் மெலா மிம்பரில் ஏறினார். "இறைவா, முஸ்லிம்களின் பாதுஷாவுக்கு வெற்றி கொடு" என்றார். எந்தப் பாதுஷா? பெயர் வர வேண்டிய இடத்தில் எச்சிலை விழுங்கினார். அவ்வளவுதான்! நாம் ஆமீன் சொன்னோம்.

ஷாவின் தூதர் அவரை விருந்தில் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்ன மெலா, பாதுஷா பாதுஷான்னீங்க. எந்தப் பாதுஷா?"

"ஏங்க, உலகத்துல எத்தனை பேரு இருக்காங்க? உங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சா?"

தூதர் தட்டிலிருந்த ஆட்டுக்கறியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதம் சுல்தானின் வரி அதிகாரி கேட்டார். அதே பதில், அதே ஆட்டுக்கறி. ஒருமுறை இருவரும் ஒரே வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இருவருமே உரக்க ஆமீன் சொன்னார்கள்! அன்று மீர் ஷெம்தீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெலா, உங்க தொண்டைக்குள்ளதான் என் நாடே இருக்கு. சளி புடிக்காம பாத்துக்கோங்க" என்றார்.

முப்பது ஆண்டுகள் ஒரு தெருவும் எரியவில்லை. சின்ன நாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு வந்தது கேடு. போரா? இல்லை, சமாதானம்! இரண்டு பேரரசர்களும் கைகோத்துக்கொண்டார்கள். அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து நம் மேய்ச்சல் மலைமேல் எல்லைக்கல் நட்டார்கள். அவர்கள் அடித்துக்கொண்டவரை இருவருக்கும் நாம் தேவைப்பட்டோம். சமாதானம் ஆனதும் யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனோம். மீர் ஷெம்தீனைச் சுல்தானின் ஆட்கள் குடும்பத்தோடு ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஷாவிடம் ஓடினோம். 'ஹெலான் இனி அந்தப் பக்கம்' என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

சுல்தானின் பெயர் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பாஷாவின் கட்டளை வந்தது. போன வெள்ளிக்கிழமை மெலா ஏறினார். அந்த இடம் வந்தது. விழுங்கவில்லை. "எங்கள் மீர் ஷெம்தீனுக்கு" என்றார்! முப்பது ஆண்டுகளில் ஒருநாளும் சொல்லாத பெயர்! நாடு போய், குடை போய், கடலுக்கு நடுவில் கிடக்கும் ஒரு மனிதரின் பெயர்! பழகிய வாய் அல்லவா, நாமும் ஆமீன் சொல்லிவிட்டோம். காது கேட்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

வாசலிலேயே விசாரணை. யாருக்கு ஆமீன் சொன்னாய்? ஒவ்வொருவராக நின்று, சுல்தானுக்கு, சுல்தானுக்கு என்றோம். மீரோடு ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்த ஜெம்ஷித் ஐயாவும் சுல்தானுக்கு என்றார். கையில் விலங்கோடு நின்று மெலா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

களஞ்சியத்தில் அவரைப் பார்க்க என்னை மட்டும் விட்டார்கள். அழுகை வந்துவிட்டது.

"எல்லாருமா உங்களைக் கைவிட்டுட்டோமே, மெலா."

"யாருடா கைவிட்டா? சரியாத்தான் சொன்னாங்க. பொண்டாட்டி புள்ளை இருக்கிறவன் வேற என்ன சொல்லுவான்? நான் ஒத்தை ஆளு. அந்தப் பேரை ஒரு தடவை வாய் நிறையச் சொல்லிப் பாக்கணும்போல இருந்துச்சு. சொன்னேன்."

"அதனால என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கும்னு யாரு சொன்னா?"

பெரியோர்களே! மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கூட்டங்கள் கலையும். நாளை வெள்ளிக்கிழமை. மிம்பரில் ஏறும்படி பாஷா என்னைப் பணித்திருக்கிறார். வந்ததிலிருந்து நீங்கள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? 'கலெந்தரும் விழுங்குவான், மீர் திரும்பி வருவார்' என்று சந்தையில் பேச்சு. மலைப்பக்கம் சிலர் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறார்கள் என்றும் பேச்சு. தெர்வேஷ், இதை விட்டுவிடு.

நான் என்ன செய்ய வேண்டும் என்று மெலாவிடமே கேட்டேன். காய்ச்சல் கொதிக்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏறு. அவங்க குடுக்கிற பேரைச் சொல்லு. சத்தமாச் சொல்லு. முழுங்காதே. நான் முழுங்கினப்போ பின்னால ஒரு நாடு இருந்துச்சு. இப்ப நீ முழுங்கினா, இன்னும் ஏதோ மிச்சம் இருக்குன்னு நம்பி நாலு பசங்க மலையேறிச் சாவாங்க. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

ஹெலான் மக்களே! என் உறுதிமொழி இதுதான். நாளை சுல்தானின் பெயரை, அவருடைய பட்டங்கள் அனைத்தோடும், வாசலில் நிற்கும் சிப்பாய்க்கும் கேட்கும்படி சொல்வேன். விழுங்க மாட்டேன். நீங்கள் ஆமீன் சொல்லுங்கள். யாருக்குச் சொன்னீர்கள் என்று இனி உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.