கேத்தி ஏற்றத்தில் முப்பத்தைந்து விநாடி

பெயர் கோகிலவாணி, வயது 31, கணவர் பெயர் ரமணன், காந்தல், உதகமண்டலம். வாக்குமூலம் பதிவு செய்த நாள் 03.11.2025, நேரம் காலை 11 மணி.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர், மகள், தாயார் தாயம்மாள் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். ஊட்டியில் விஜயபாஸ்கர் என்பவர் நடத்தும் கார் ஆக்சஸரீஸ் கடையில் ஏழு வருடங்களாக பில் போடும் வேலை பார்த்து வந்தேன். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லாததால் என் திருமணத்தில் அண்ணன் முறை செய்தவர் மேற்படி விஜயபாஸ்கர்தான். நான் அவரை அண்ணன் என்றே அழைத்து வந்தேன்.

இந்த வருடம் ஜூன் மாதம் கடைக்குப் புது வகை ஏர் ஃபில்டரும் அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயும் வந்தன. கம்பெனி ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் காற்று கூடுதலாகப் போய், மேடு ஏறும்போது பிக்கப் அதிகரிக்கும் என்று விஜயபாஸ்கர் சொன்னார். வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வர ஒரு வீடியோ வேண்டும் என்றும், பெண் ஓட்டினால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லி, எங்கள் பழைய டீசல் காரைக் கேட்டார். நான் சம்மதித்து 11.06.2025 மாலை காரைக் கழுவுவதற்காகக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் கார் ஓட்ட, விஜயபாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் எடுத்தார். கேத்தி பள்ளத்திலிருந்து மெயின் ரோடு வரை ஏறுவதற்கு ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. வண்டி வழக்கத்தைவிட மந்தமாக இருப்பது தெரிந்து நான் கேட்டதற்கு, "குளுருல அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு கடையின் ஃபிட்டர் பாலன் என்பவர் அங்கேயே ரோட்டோரம் வைத்துப் புது ஃபில்டரையும் குழாயையும் மாட்டினார். மீண்டும் ஓட்டியதில் ஆறு நிமிடம் ஐந்து விநாடியில் மேலே வந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீடியோவில் நான், "எங்கூட்டு வண்டிங்க இது. நானே ஓட்டிப் பாத்தேன். ஏத்தத்துல அர நிமிசத்துக்கு மேல மிச்சமாகுதுங்க" என்று சொன்னேன். யாரும் எழுதிக் கொடுத்துப் படிக்கவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

விஜயபாஸ்கர் நெட்டில் போட்ட அந்த வீடியோவை என் தாயார் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். என் தாய்மாமன் ஏழுமலை, வயது 56, கட்டபெட்டு பக்கம் தேயிலை பறிக்கும் பெண்களை எஸ்டேட்டுக்கு ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டி வருகிறார். பத்துப் பேர் ஏறினால் மேட்டில் வண்டி முதல் கியரிலேயே முக்கும் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம் கடைக்கு வந்து, "நீ சொன்னதுக்கு மேல யாருகிட்ட கேக்கோணும்" என்று என்னிடம் சொல்லி, ஜீப்பில் மாட்டச் சொன்னார். பில் நான்தான் எழுதினேன். குளிர்ந்த காற்று கிடைக்க வேண்டும் என்று விஜயபாஸ்கர் சொன்னதன்பேரில், மேலே இருந்த ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதியதை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி மாட்டினார்கள். ஜீப் கிளம்பியபோது சத்தம் பெரிதாக வந்தது. மாமா சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டுப் போனார்.

22.10.2025 அன்று மாலை 4 மணியளவில் பலத்த மழையில் மாமா எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் மேலே ஏறும்போது, ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடிய தண்ணீரில் இறங்கியிருக்கிறார். வருடா வருடம் அவர் தாண்டிப் போகும் தண்ணீர்தான் அது. கீழே இருந்த ஃபில்டர் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய் இன்ஜின் இறுகி நின்றது. இன்ஜின் நின்றதால் பிரேக் பெடலும் கட்டையாகி, மிதித்தும் பிடிக்காமல் ஜீப் பின்னோக்கி உருண்டு ரோட்டோரக் கல் சுவரில் மோதியது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த சின்னம்மை, வயது 48, என்பவரின் வலது கால் ஜீப்புக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாமா மீது வழக்குப் பதிவானது.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனேன். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. அவர் என்னிடம், "கண்ணு, நீ ஓட்டிப் பாத்துட்டுத்தான சொன்ன?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று மாலை கடையில் விஜயபாஸ்கர், "நீ ஒண்ணுக்கும் பயப்படாத, உங்கண்ணன் நான் இருக்கறேன்" என்று ஆறுதல் சொன்னார். நெட்டிலிருந்து அந்த வீடியோவை ஏன் நீக்கிவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றார்.

25.10.2025 அன்று என்னை இந்த நிலையத்துக்கு அழைத்து, விஜயபாஸ்கர் கொடுத்திருந்த கடிதத்தைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட இன்டேக் எதுவும் தன் கடையில் விற்பதில்லை என்றும், நான் வெளியிலிருந்து வரவழைத்துத் தனக்குத் தெரியாமல் என் உறவினருக்கு மாட்டிக் கொடுத்ததாகவும், பில்லில் இருப்பது என் கையெழுத்து என்றும், வீடியோவில் பேசுவது நான்தான் என்றும் அதில் எழுதியிருந்தது. கடைசி இரண்டும் உண்மை. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். எனக்கு ஆறுதல் சொன்ன அதே 23ஆம் தேதி.

அதன் பிறகு நான் பாலன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர், "அம்மிணி, மொதத் தடவ நீங்க ஓட்டுனப்போ உள்ள இருந்தது உங்க ஃபில்டரே இல்லீங்க. குப்பையில கெடந்த பழசு, தூசி அடைச்சு மூச்சு உடாது. ராத்திரியே மாத்திப் போடச் சொல்லிட்டாரு" என்றார். ஜீப்பில் ஏன் கீழே மாட்டினீர்கள் என்றதற்கு, "தண்ணி ஏறும்னு சொன்னனுங்க. இந்த ஊருல குளுந்த காத்த எங்கிங்க தேடிப் போறதுன்னும் கேட்டேன். மாட்டுடான்னாரு" என்றார்.

அவர் சொல்வதை மட்டும் வைத்துப் பேசக்கூடாது என்று, 27.10.2025 அன்று சாதாரண கம்பெனி பேப்பர் ஃபில்டர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே ஏற்றத்தில் மூன்று முறை ஓட்டினேன். ஆறு நிமிடம் ஆறு விநாடி, எட்டு விநாடி, ஐந்து விநாடி. அதன் பிறகு இன்டேக்கை மாட்டி ஓட்டினேன். ஆறு நிமிடம் ஏழு விநாடி. சத்தம் மட்டும்தான் கூடியது. அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டு எந்த நல்ல ஃபில்டரைப் போட்டிருந்தாலும் அந்த முப்பத்தைந்து விநாடி கிடைத்திருக்கும். நான்கு ஓட்டத்தையும் என் கணவர் போனில் எடுத்திருக்கிறார். அந்தப் போனையும், என் காரில் மாட்டியிருந்த இன்டேக்கையும் இன்று ஒப்படைத்துள்ளேன். பாலனும் வந்து சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை நான் இங்கு வந்தபோது, மாமா ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் சொல்லி, "எனக்கும் தெரியாது மாமா, என்னையும் ஏமாத்திட்டாங்க" என்றேன். அவர் தலை குனிந்தபடி கடைசி வரை கேட்டார். நான் பிறந்தது முதல் என்னை நீ, வா, போ என்று மட்டுமே பேசிய அவர், எழுந்து ஒதுங்கி நின்று, "சரிங்க. உள்ள கூப்புடறாங்க, நீங்க போங்க" என்றார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். என் வேண்டுகோளின்பேரில் எழுதிக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நடந்த உண்மை, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

(ஒப்பம்) ர. கோகிலவாணி