கமிட்டி திருத்திய கடல்

அலையோசையையும் மீறி அமைதி காக்கும் விழாத் தலைவர் அவர்களே! திருத்தம் சொல்வதில் தேர்ந்த துறைமுகக் கமிட்டிப் பெருமக்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் தூங்கும் பிள்ளை விழிக்காமல் கைதட்டத் தெரிந்த தாய்மார்களே! இடமில்லாமல் வாசலில் நிற்கும் கப்பல் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஓவியரின் மனைவி வணக்கம் சொல்கிறேன்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்தி ரெண்டே வார்த்தை பேசுங்கம்மா, அப்புறம் நீங்களே திரையை இழுத்துடுங்க" என்றார் செயலாளர். இரண்டு வார்த்தையா? முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தை இரண்டு வார்த்தையில் தாராளமாகச் சொல்லலாம். கடல், கடல்! (சிரிக்கிறீர்கள். அதோ, என் வீட்டுக்காரரும் சிரிக்கிறார் பாருங்கள்.)

கடலைக் கண்டார், கலத்தைக் கண்டார், கண்ணுக்குத் தெரியாத காற்றைக்கூடக் கண்டார். கட்டிய மனைவியைக் கண்டாரா? கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மகள் என்ன வகுப்பு என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்; கடல் எப்போது ஏறும் என்று கேட்டால் நிமிடக் கணக்கில் சொல்வார். இப்பேர்ப்பட்டவர் கப்பலில் போயிருப்பாரே என்கிறீர்களா? ஒரே ஒரு முறை ஏறினார். கயிறு அவிழ்ப்பதற்குள் வாந்தி! (ஆமாம், வாசலில் கையைத் தூக்கும் ஐயா, நீங்கள்தான் அவரை இறக்கிவிட்டீர்கள். மறக்கவில்லை.)

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: "அந்தத் தண்ணில அப்படி என்னதான் இருக்கு? என்னை ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?"

"அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிடும். நீ எங்க போயிடப் போற?" என்றார்.

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, தாய்மார்களே.

இந்தப் பயணிகள் கூடத்துக்கு ஒரு புயல்கடல் வேண்டுமென்று கமிட்டி கேட்டது. ஒன்பது மாதம் கரையில் நின்றார். சுவரளவு தாளில் கட்டம் போட்டுப் பென்சிலால் முன்வரைவு தீட்டினார். ஆகா, அதுவல்லவா கடல்! வீட்டுத் தரையில் விரித்திருந்த அதைத் தாண்டிப் போகும்போது சேலை நனைந்துவிடும் என்று நான் காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன்! கமிட்டி பார்த்தது, மகிழ்ந்தது, திருத்தியது. அலை உயரம், பயணிகள் பயப்படுவார்கள் என்றது. வண்ண ஓவியத்தில் குறைத்தார். மேகம் கறுப்பு, கூடம் இருண்டுவிடும் என்றது, வெளுத்தார். கப்பல் சாய்கிறது, துறைமுகத்துக்குக் கெட்ட பெயர் என்றது, நிமிர்த்தினார். பதினோராவதாக ஒரு கடிதம் வந்தது: "கரையில் நிற்கும் பெண் தேவையில்லை. அங்கே விளக்குக்கம்பம் வைக்கலாம்."

பெண்ணா? எந்தப் பெண்? ஓடிப்போய் முன்வரைவைப் பார்த்தேன். கீழ்மூலைக் கட்டத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒருத்தி. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கை இடுப்பில். ஒன்பது மாதமும் மத்தியானத்தில் அப்படித்தான் நின்றேன். ஓரத்தில் அவர் கையெழுத்து: "அலையின் உயரத்துக்கு இவள்தான் அளவு. அழிக்கக் கூடாது."

எழுதியவரே வண்ண ஓவியத்தில் அவளை அழித்து விளக்குக்கம்பத்தை வைத்தார். "என்ன பண்றது, பெரியவங்க சொல்றாங்களே" என்றார். மறுநாள் அவர் கடற்கரைக்குப் போகவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.

ஆகவே பெரியோர்களே, இன்று காலை நானும் மகளும் பன்னிரண்டாவது திருத்தத்தைச் செய்தோம். வண்ண ஓவியம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து நிற்கிறது. அமைதியான கடல், அங்கே அதை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். திரைக்குப் பின்னால் இருப்பது முன்வரைவு! (உட்காருங்கள் செயலாளர் ஐயா, கயிறு என் கையில் இருக்கிறது.) இதனால் அவருக்கு இனி வேலையே வராமல் போகலாம், தெரிந்துதான் செய்தேன். கலைக்காகவா? கடமைக்காகவா? இல்லை, இல்லவே இல்லை! அந்தப் படத்தில் நான் இருக்கிறேன், அதற்காக! (ஏங்க, தலையைக் குனியாதீங்க. இன்னைக்கு ஒருநாள் கடலை விடுங்க, கீழ்மூலையைப் பாருங்க.)

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பதினொரு யோசனை தந்த கமிட்டிக்கும் நன்றி சொல்லி, இதோ கயிற்றை இழுத்து, விளக்குக்கம்பம் விடைபெறுகிறது. வணக்கம்!