மஞ்சளாப் போன செவ்வந்திக்கல்

ஒக்கார்லாம் வர்ல மாமா. மொதல்ல அந்த லேத்த நிறுத்து, கத்திப் பேசுற சமாச்சாரம் இல்ல இது. ஆவடிலேர்ந்து நின்னுகினே வந்தேன், சொல்லிட்டுப் போய்டறேன்.

அக்காவா? நல்லாத்தான் கீறா. இல்ல, நல்லா இல்ல. நாளைக்கு வேற ஒருத்தன் பொண்ணு பாக்க வரான். அதான் வந்தேன்.

இந்தா, உன் மோதரம். ஆமா, உன்கிட்ட வந்து சேரல, தெரியும். திருப்பி அனுப்பியாச்சுன்னு அப்பாகிட்ட பொய் சொல்லிட்டு, சிலுவைச் செயின்ல கோத்து உள்ள போட்டுகினு கீறா அவ. குளிக்கப் போனப்ப எடுத்துகினு வந்துட்டேன்.

கல்லப் பாரு, டீத்தண்ணி மாரி. நிச்சயத்தன்னிக்கு எப்பிடி இருந்துச்சு, நாவப்பழத் தோலு கணக்கா. வெயில்ல காட்டுனா உள்ளாற செவப்பா ஒரு பொறி ஓடும். சர்ச்சுல எனக்கு உறுதிபூசுதல் குடுக்க வந்த பிஷப் மோதரத்துலயும் இதே கல்லுதான். முத்தம் குடுக்கச் சொல்ல மூக்குல இடிச்சிகினேன். அக்காவ விட நான்தான் இத்தப் பாத்துகினே கெடப்பேன்.

அப்புறம் மஞ்சளாச்சு. சாயக் கல்லு, ஏமாத்திட்டான்னு லூர்தம்மா அத்தை குவார்ட்டர்ஸ் பூரா கூவுச்சு. செத்துப்போன உங்க அம்மா போட்டிருந்ததுன்னு நீ சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல, அப்பா நிச்சயத்த முறிச்சிட்டாரு. தலையத் தொங்கப் போட்டுகினு போன. கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன் நானு.

வர்ற வழியில அம்பத்தூர்ல எறங்கி, கல்லு பதிக்கிறவர்கிட்ட காட்டுனேன். நெசமான செவ்வந்திக்கல்லாம். நல்லா சூடு பட்டா ஊதா போயி மஞ்சளாயிடுமாம். அந்தக் காலத்துல கிரேக்கருங்க, இத்தப் போட்டுகினா குடிச்சாலும் போதை ஏறாதுன்னு நம்புனாங்களாம். எங்கப்பாவுக்கு ஒண்ணு பதிச்சுக் குடுங்கன்னேன். அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வர்ல.

சட்டைய மாட்டு மாமா. ஊட்ல எல்லார் முன்னாடியும் நான் சொல்லணும், நீ கூட நில்லு. அப்பா அடிச்சா அடிக்கட்டும்.

சூடு எப்பிடிப் பட்டுச்சா?

நிச்சயம் முடிஞ்ச மறுநாளே அத்தை, இது கண்ணாடிதான்னு ஆரம்பிச்சிடுச்சு. நெசக் கல்ல நெருப்பு ஒண்ணும் பண்ணாது, கண்ணாடின்னா வெடிச்சிரும், வச்சுப் பாரேன்னு நக்கல் வேற. எனக்கு ரோஷம். உன்னப் போயி அப்பிடிச் சொல்லலாமா? அது வாய அடைக்கணும், அவ்ளோதான். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்துச்சு. அக்கா கழட்டி வச்சிட்டு மாவு பெசஞ்சிகினு இருந்தா. கொல்லையில ஸ்டவ்வ நல்லா பம்ப் அடிச்சு, இடுக்கியால மோதரத்த நெருப்புல புடிச்சது நான்தான்.

அப்பவே சொல்லிருக்கலாம். அப்பதான் பத்தாவது ஃபெயிலு, பயம். போலிதான் போலன்னு நானும் நெனச்சிட்டேன்.

வெடிக்கவே இல்ல மாமா. செவசெவன்னு பழுத்த இடுக்கியோட மோதரத்த எறக்கி, நீ ஜெயிச்சிட்டன்னு குதிச்சேன்.

ஆறுனப்புறம்தான் பாத்தேன்.