கப்பல் ஓடற பாலைவனம்

இல்ல தம்பி, கம்பளிய அப்புறமாப் பாத்துக்கலாம். நீ பிரிச்சிப் பிரிச்சிப் போடாத, மடிக்கறதுக்கு உனக்குத்தான் பேஜாரு. மொதல்ல நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. உங்க ராஜஸ்தான்ல கடல் இருக்குதா, இல்லியா?

இல்லியா? நல்லாத் தெரியுமா? ஒரு ஓரத்துலகூட கெடையாதா? அப்பாடா. அந்தச் சொம்பக் குடு, ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கறேன்.

சிரிக்காத. மரக்காணத்துலேருந்து பஸ் புடிச்சி திண்டிவனம் வந்து, துணிக்கடையில நின்னுக்கினு கடல் இருக்குதான்னு ஒருத்தி கேக்கறாளேன்னு பாக்கற. எனக்கு வேற யாரத் தெரியும்? பாலைவனத்து ஆளுங்கன்னு எனக்குத் தெரிஞ்சது உங்க குடும்பம் ஒண்ணுதான். எம்பொண்ணு சடங்குக்கே உங்கப்பாகிட்டதான் துணி எடுத்தேன். அஞ்சம்மா வந்தான்னு சொல்லு, அவருக்குத் தெரியும்.

அரைப்பரிட்ச லீவு வருது இல்ல? அதுல ஒரு வாரம் எங்கனா போயிட்டு வரலாம்னு வூட்டுல பேச்சு. நானு, எங்க வூட்டுக்காரரு, பொண்ணு தமிழ்மொழி, பையன் சுதாகரு. ஊரு எதுவா இருந்தாலும் சரி, தண்ணி இருக்கக் கூடாது. அதான் நான் போட்ட ஒரே கண்டிசன்.

குடிக்கத் தண்ணி இருக்கலாம்பா! நீ ஒருத்தன். படகு வுடற தண்ணி இருக்கக் கூடாதுன்றேன்.

உனக்கு எங்க வூட்டுக்காரரப் பத்தித் தெரியாது. எங்க குப்பத்துல அப்பாதுரைன்னு கேளு, படகு எங்க நிக்கும், வல எங்க காயும்னு சொல்லுவாங்க, வூடு எதுன்னு மட்டும் யோசிச்சித்தான் சொல்லுவாங்க. கன்யாகுமரிக்கு ஒரு தாட்டி டூர் போனோம். சூரியன் உதிக்கறதப் பாக்கணும்னு எல்லாரும் நிக்கறோம், இந்த மனுசனக் காணோம். தேடுனா, யாரோ ஒருத்தன் கட்டுமரத்துல ஏறி வல இழுத்துக்கினு இருக்காரு. முன்னப்பின்ன தெரியாதவன் கட்டுமரம்! கேட்டா, பாவம், தனியா இழுத்துக்கினு இருந்தான்னாரு. நான் மூட்ட முடிச்சோட கரையில உக்காந்து இருந்தேன்.

சரி, கடலோரம் போனாத்தானே வம்புன்னு அடுத்த தாட்டி கொடைக்கானல் போனோம். அங்க ஏரி இருக்குதுன்னு யாராவது சொன்னீங்களா? அந்த மிதிக்கற போட்டு இருக்குதே, அதுல ஏறுனாரு. ஏறுனவரு எறங்கி வந்து, உங்க போட்டுக்கு அடியில வெடிப்பு வுட்டுருக்குதுன்னு சொல்லி, அதக் கவுத்துப் போட்டு பைபர் பூசிக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. ஒண்ணு இல்ல, இருந்த போட்டு எல்லாத்தையும். புள்ளைங்க பேரிக்கா தின்னுக்கினு திரிஞ்சிதுங்க. நான் அங்கயும் கரைதான். குளுருல நடுங்கிக்கினு கரை.

அதான் பாலைவனம்னு முடிவு பண்ணேன்.

பொண்ணு துபாயின்னா. போன்ல காட்டுனா, அங்க கடலு ஊருக்குள்ளயே வளைஞ்சி வளைஞ்சி வருது. பாஸ்போர்ட் இல்லாத நேரத்துல உனக்கு துபாயாடின்னு ஒரே போடு போட்டுட்டேன். அப்புறம் இந்த ஜெய்சல்மேரு. கோட்ட எல்லாம் தங்கமாட்டம் மின்னுதேன்னு ஆசப்பட்டேன். அது எப்பிடிப்பா, தண்ணி இருக்குதா அங்க?

ஏரியா? போட்டு வுடறாங்களா? வாத்து மாதிரியா? வாணாம், அந்தப் பேரையே எடுக்காத. மணலுக்கு நடுவுல எதுக்குடா இவங்களுக்கு வாத்து போட்டு?

ஜோத்பூரு? அங்கயும் ஏரியா! இன்னாப்பா இது, பாலைவனம்னு பேரு வெச்சிக்கினு எங்க திண்டிவனத்தவிட அதிகமா ஏரி வெச்சிருக்கீங்க?

பிகானேரு. ஆங், அது உங்க ஊரா? கடையில வாங்கற பொடி ஓமப்பொடி, அந்த ஊருதானா? தண்ணி? ஊருக்குள்ள இல்ல. வெளிய தூரமா ஏதோ கொளம். நடந்து போற தூரமா? இல்ல இல்ல, நீ போற தூரத்தச் சொல்லாத, தண்ணி இருக்குதுன்னு மோப்பம் புடிச்ச மனுசன் போற தூரத்தச் சொல்லு. வண்டி வெச்சிக்கினு போவணுமா? அப்ப சரி. அந்த ஊருதான். பேருலயே ஏரி மாதிரி ஏருன்னு வருதேன்னு பாக்கறேன், பரவால்ல.

குளுருமா? பாலைவனத்துலயா? மணலு சுடாதா? ராத்திரில வெறைக்குமா... அட ஆண்டவா. அதுக்குத்தான் கம்பளிய எறக்கிப் போட்டியா? நான் வியாபாரத்துக்குன்னு நெனைச்சேன்.

நீ எப்ப போன கடைசியா? கல்யாணத்துக்கா? அதுவும் பொண்ணு வூட்டோட சரியா? அப்ப இவ்ளோ நேரம் எத வெச்சிப்பா பதில் சொல்லிக்கினு இருந்த? போன்லயா பாத்த! நல்லா இருக்குது. திண்டிவனத்துல பொறந்து வளந்து மல்லாக்கொட்ட தின்னுக்கினு இருக்கறவன் கிட்ட வந்து நான் பாலைவனம் கேக்கறேன் பாரு. சரி, உங்க மாமா அங்க இருக்காரா? அவரு போன் நம்பரு இருக்குதா? அப்ப போதும். ரூமுக்கு அவருகிட்டதான் சொல்லணும். ரூமு எப்பிடி வேணா இருக்கட்டும், கதவுக்கு உள்தாப்பா மட்டும் நல்லா இருக்குதான்னு கேட்டுடு.

திருட்டு பயம் இல்லப்பா. எங்கிட்ட இன்னா இருக்குது தூக்கறதுக்கு? நீ கேளேன்.

சாப்பாடா? அதான் கேக்கலாம்னு இருந்தேன், எல்லாம் சைவமாமே? எங்க வூட்டுக்காரருக்கு மீனு இல்லன்னா சோறு எறங்காது. கருவாடு எடுத்துக்கினு போறேன். மூஞ்ச அப்பிடி வெச்சிக்காத, உன் கடையிலயா பிரிக்கப் போறேன்? விழுப்புரத்துல ரயிலு ஏறுனா எறங்கற வரைக்கும் அந்தப் பொட்டியத் தொறக்க மாட்டேன். வழில ஆறு வந்தா ஜன்னலையும் சாத்திடுவேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன், ஜல்தியா கேட்டுக்க. அவரு மேம்பாலத்துக்கு அந்தாண்ட படகு இஞ்சின ரிப்பேருக்குக் குடுக்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. இந்த டூருக்கு அவரு எப்பிடி ஒத்துக்கினாரு தெரியுமா? தண்ணியில்லாத காட்டுல எனக்கு இன்னா வேலன்னு ஆடுனாரு ஆட்டம். அன்னிக்கி சுதாகரு பரிட்சைக்கு சத்தமாப் படிச்சிக்கினு இருக்கான், ஒட்டகம் பாலைவனக் கப்பல் என அழைக்கப்படுகிறதுன்னு. எங்க வூட்டுக்காரரு வெளிய வல பின்னிக்கினு இருந்தாரு. அந்த மனுசனுக்குக் கப்பல்னு காதுல வுழுந்தா மீதி எதுவும் வுழாது. ஓடியாந்து, இன்னாடா, பாலைவனத்துல கப்பல் இருக்குதான்னாரு. பையன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் ஆமா, இருக்குதுன்னுட்டேன். பொய்யா? புத்தகத்துலயே போட்டுருக்குதுப்பா!

அன்னிலேருந்து கரை பூரா சொல்லிக்கினு திரியறாரு, கப்பல் பாக்கப் போறேன்னு. நேத்து பையத் தொறந்தா உள்ள வீச்சு வல. கப்பல் இருந்தா தண்ணி இருக்கும், தண்ணி இருந்தா மீனு இருக்கும்றாரு. அதனால அவரு வந்து கேட்டா நீ இன்னா சொல்லணும்? கப்பல் இருக்குது. அவ்ளோதான். கழுத்து, காலு, முதுகு, அந்தப் பேச்சே எடுக்காத.

தோ, வந்துட்டாரு.

வாங்க, இஞ்சினுக்கு இன்னா சொன்னான்? நாளைக்கா? சரி. இந்தத் தம்பிதான், சேட்டு பையன். ஊரு பிகானேராம். கப்பல் இருக்குதுன்னு இப்பதான் சொல்லிக்கினு இருக்குது. சொல்லு தம்பி. பாருங்க, நெறைய இருக்குதாம். ஆளு ஏத்திக்கினு போவுமாம். குதிர பவரு எத்தினின்னு கேக்கறாரு தம்பி. எத்தினியா... ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல. சிரிக்காதீங்க, பழங்காலத்துக் கப்பலு, அம்மாம்தான் இழுக்கும். ஆட்டமா? ஆடுமாம், நல்லா முன்னயும் பின்னயும் ஆடுமாம். இன்னாது, ஸ்பானரு செட்டா? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க, யாரு வாணாம்னா? போயி எதிர டீய குடிங்க, நான் கம்பளிய எடுத்துக்கினு வர்றேன்.

பாத்தியா? ஒரு குதிர பவருல ஒரு கப்பலு கஷ்டப்படுதுன்னதும் மூஞ்சி எப்பிடி ஆயிடுச்சி பாத்தியா? இப்ப நாமளே வாணாம்னாலும் அவரு தனியாக் கெளம்பிடுவாரு. ஒட்டகத்துக்கு எங்க ஸ்பானரு போடப் போறாரோ தெரியல.

கத்துவாரு தம்பி, தெரியாம இல்ல. ரயிலுவுட்டு எறங்கி ஒட்டகத்தப் பாத்ததும் ஊரு கூடற மாதிரி கத்துவாரு. கத்தட்டுமே. கத்தறதுக்கு ஆளு எங்கூடவே நிப்பாரு இல்ல?

ஆங், தாப்பா. நீ அதையே கேக்கற. ஒண்ணும் இல்லப்பா. எங்க வூட்டுல தாப்பா போட்டதே இல்ல. கட்டிக்கின நாள்லேருந்து. இருட்டோட போவாரு, எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. போன கார்த்திகையில புயலு வரும்னு சொல்லியும், வல கெடக்குதுன்னு போயி மறுநாளு வந்து சேந்தாரு. உள்ள தாப்பா போட்டா, வர்ற மனுசன வராதன்னு சொல்ற மாதிரி எனக்கு ஒரு இது. கதவ சும்மா சாத்திட்டு, அலச் சத்தத்துல அவரு படகு சத்தம் வருதான்னு காத வெச்சிக்கினு படுத்து இருப்பேன். தாப்பா துருப்புடிச்சி இப்ப நவுரவே நவுராது. அவரு வூட்டுல இருக்கற நாள்லயும் எனக்குத் தூக்கம் வர்றது இல்ல, எப்ப எழுந்து போயிருவாரோன்னு.

அந்த ஊருல போறதுக்குத் தண்ணி இல்ல இல்ல? அவரு உள்ள இருக்கணும், புள்ளைங்க உள்ள இருக்கணும், நான் எங்கையால தாப்பா போட்டுட்டு விடிய விடியத் தூங்கணும். அதுக்குத்தான். எடு, அந்தப் பச்சக் கம்பளிய எடு.