இருக்கை வைக்காத வண்டி

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவி திருமதி லோரிமர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு இந்த மழையில் வந்திருக்கும் பிட்டார்னி ஊர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பயிற்சித் திடலில் பந்துக் கூடை எடுத்துக் கொடுக்கிற லாக்லன். மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆனால் டூகல்ட் கெடஸ் அவர்களைப் பற்றி வேறு யார் பேசினாலும் பூசி மெழுகிவிடுவார்கள். அதனால் நான்தான் பேசுவேன் என்று அடம்பிடித்து ஏறியிருக்கிறேன்.

நம் கோல்ஃப் கழகத்தின் இயந்திரக் கொட்டகையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் டூகல்ட். புல்வெட்டியிலிருந்து சுவர்க் கடிகாரம் வரை அவர் கை படாத பொருள் இங்கே உண்டா? ஆனாலும் ஊர் அவரை எதற்காக நினைக்கும்? அந்த வண்டிக்காக. திடலில் சிதறிக் கிடக்கும் பந்துகளைத் தானே பொறுக்கிக்கொண்டு வரும் ஆளில்லா வண்டிக்காக. அதை ஏன் செய்தார் என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி செலுத்தினால் அது அஞ்சலியே இல்லை.

முன்பெல்லாம் பந்து பொறுக்கியது டிராக்டர். ஓட்டியது அவர் மனைவி எஃபி. கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுவார். அந்தக் கூண்டைக் குறிபார்த்து அடிப்பது நமக்கு விளையாட்டு. டங்கென்று பட்டால் கைதட்டு. இங்கே அடிக்காதவர் யார்? எஃபியும் லேசுப்பட்டவர் அல்ல. உள்ளே இருந்தே கத்துவார்.

"என்னய்யா, காலையில கஞ்சி குடிக்கலையா? ஒண்ணுகூடப் படலையே."

கட்டின கணவரையும் விடமாட்டார்.

"டூகல்ட், உன் வீட்டுக்காரி இங்க இருக்கா. நீ எவளைப் பாத்து அடிக்கிற?"

அந்தச் சனிக்கிழமை கடலிலிருந்து மூடுபனி ஏறியது. டிராக்டர் மறைந்துபோனது. யாராவது மட்டையைக் கீழே வைத்தார்களா? இல்லை. இன்ஜின் சத்தத்தை வைத்துக் குறிபார்த்தார்கள். டங். சிரிப்பு. மறுபடி டங். மறுபடி சிரிப்பு. டிராக்டரின் பந்து பொறுக்கும் உருளையில் ஏதோ சிக்கியிருக்கிறது, அதை எடுக்க எஃபி இறங்கியிருக்கிறார். பனிக்குள் அது யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் டங் சத்தம் வரவில்லை. "தப்பிச்சிட்டாடா" என்றார் ஒருவர். இன்ஜின் மட்டும் ஒரே இடத்தில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய்ப் பார்த்தேன். நெற்றிப்பொட்டில் ஒரே ஓர் அடி; மூச்சு இல்லை.

அன்றைக்குப் பந்து அடிக்க நிற்கிற எட்டுத் தடுப்பிலும் ஆள் இருந்தார்கள். பந்துகள் எல்லாம் கழகத்துப் பந்துகள், எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கோடு. யார் அடித்தது என்று போலீசாலும் சொல்ல முடியவில்லை. எட்டாவது தடுப்பில் நின்று அடித்தவர் டூகல்ட்.

அன்பர்களே, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரும் அதை ஒருநாளும் மறைத்தவர் அல்ல. தேநீர் குடித்துக்கொண்டே திடீரென்று சொல்வார்.

"என் பந்தாவும் இருக்கலாம், லாக்லன்."

"இல்லாமயும் இருக்கலாம்ல?"

"அதுதான்டா தூங்க விடமாட்டேங்குது."

அதன்பிறகு கொட்டகைக்குள் போனவர் வண்டியோடுதான் வெளியே வந்தார். ஓர் அச்சில் வரிசையாக வட்டத் தட்டுகள். இரண்டு தட்டுக்கு நடுவில் பந்து கவ்விக்கொள்ளும், மேலே சுற்றி வரும்போது ஒரு சீப்பு அதைத் தட்டிக் கூடையில் தள்ளும். பலகையில் தட்டு வெட்டினார், மழையில் ஊதிப்போனது. துறைமுகத்தில் கிடந்த பழைய பிளாஸ்டிக் மீன்பெட்டிகளை வாங்கி வந்து வெட்டினார், மழைக்குத் தாங்கியது. மண்ணுக்குள் கம்பி புதைத்து, வண்டி தானே அந்தக் கம்பி வழியே போக வைத்தார். மேலே தகரம் போர்த்தினார்.

முதல்நாள் திடலில் இறக்கினோம். என்ன நடந்தது? டங். கைதட்டு. உள்ளேதான் யாரும் இல்லையே என்ற தைரியம். டூகல்ட் வண்டியை நிறுத்தி, தள்ளிக்கொண்டு திரும்பப் போனார். அடுத்த முறை அது வந்தபோது தகரம் இல்லை. பழைய மீன்வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டிருந்தார். பந்து பட்டால் சத்தமே இல்லாமல் அதிலேயே விழும். சத்தம் இல்லாவிட்டால் யாருக்கு ருசிக்கும்? குறிபார்ப்பது தானாக நின்றது. அந்த வலையைக் கண்டுபிடித்ததுதான் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை.

வெளியூர் விருந்தாளி ஒருவர் கேட்டார்: "என்ன ஐயா, ஓட்டுறதுக்கு இருக்கையே வைக்கலையா?"

"யாருக்கு?" என்றார் டூகல்ட்.

ஓர் இடத்தை மட்டும் வண்டி தொடாமல் சுற்றிக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டுமா? அங்கே கிடக்கும் பந்துகளை அவரே குனிந்து பொறுக்குவார். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் என்ன தெரியும் என்று பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

திருமதி லோரிமர் அவர்களே, வண்டி மேல் வட்டம் வரைந்து, அடித்தால் பரிசு என்று வைக்கலாமா என்று செயற்குழுவில் பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. என் உயிர் உள்ளவரை அது நடக்காது. வலை கிழிந்தால் நான் தைப்பேன். பனி ஏறினால் திடலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன். அந்த இடத்துப் பந்துகளை இனி நான் பொறுக்குவேன். அவர் வேலையை அவர் செய்த மாதிரியே செய்வேன் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெட்டியைக் குழிக்குள் இறக்க நம் வழக்கப்படி எட்டுக் கயிறு. யார் எதைப் பிடிப்பது என்று குடும்பம் சொல்லும்; தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு. டூகல்டுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் சொன்னார்.

"அன்னைக்கு என்கூட நின்ன ஏழு பேருக்கும் ஆளுக்கொரு கயிறு குடு."

"கோவத்துல சொல்றியா, பாசத்துல சொல்றியா?"

"எனக்கே தெரியலடா. ஆனா வேற யாரும் வேண்டாம்."

"தலைமாட்டுக் கயிறு யாருக்கு?"

"யாரு பந்துன்னு தெரிஞ்சிருந்தா அவனுக்குக் குடுத்திருப்பேன். என் பந்துன்னா நான்தான் உள்ளேயே கிடப்பேனே. அதைச் சும்மா விடு."

அந்த ஏழு பேரும் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். மழை விட்டிருக்கிறது, குழி தயார். எழுந்து என்னோடு வாருங்கள்.