நல்ல தண்ணீர் உள்ள வீடு

உங்கள் பொலிஸ் நிலையத்துத் தேநீரைக் குறை சொல்லவில்லை, தம்பி. கோண்டாவில் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு நாக்கு கொஞ்சம் கொழுப்பெடுத்தது, அவ்வளவுதான்.

கேட்டதற்கு ஒழுங்காகவே சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர் நான். முன்னுக்குப் பின் குழப்பிச் சொல்ல எனக்கு வராது.

மகன் நோர்வேக்குப் போனபிறகு மேல்மாடி சும்மா கிடந்தது. 'குடும்பத்தினருக்கு மட்டும், நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு' என்று பேப்பரில் போட்டேன். தனிப் பொடியன்கள் வந்து கேட்டார்கள், கொடுக்கவில்லை. குழந்தை குட்டியோடு இருக்கிற சனங்களின் சின்னத் தெரு, எங்கள் ஒழுங்கை. ரயில் ஸ்ரேசனுக்கு ஐந்து நிமிட நடை. கடைசியில் நிஷானியும் சயந்தனும் வந்தார்கள். அவளுக்கு யாழ்ப்பாணப் பட்டணத்தில் வங்கி வேலை. அவன் தினமும் ரயிலேறிக் கிளிநொச்சிக்குப் போய்வருகிறவன். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

ஆரணி பிறந்தாள். பிரசவ லீவு முடிகிற நேரம் பிள்ளையை யாரிடம் விடுவது என்று நிஷானி கண் கலங்கினாள். நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்றாள் என் மனைவி இரத்தினம்மா. சும்மா சொல்லக்கூடாது, மகன் போனதிலிருந்து அவள் என்னோடு கதைத்த சொற்களை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளை மடிக்கு வந்த நாளிலிருந்து பாட்டுப் படித்தாள். என்னோடு சண்டைகூடப் பிடித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு முழங்கால் வருத்தம், குசினியில் நிற்க முடியாது. ஆகவே பால்மா கரைப்பது என் வேலையாயிற்று. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மேசையில் இருக்கிற அந்தக் கடதாசி. சுகாதாரப் பகுதியினர் வந்து ஒழுங்கை முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். நிஷானி வேலைக்குத் திரும்ப இரண்டு கிழமை இருக்க, முடிவு என் கைக்கு வந்தது. சுற்றிவரத் தோட்டங்கள். வெங்காயத்துக்குப் போட்ட உரமெல்லாம் கிணற்றில் இறங்கி, நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி நின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதில் பால் கரைக்கவேண்டாம், இரத்தத்துக்குப் பிராணவாயு கிடையாமல் போகும், கொதிக்கவைத்தாலும் நீங்காது என்று தெளிவான தமிழில் இருந்தது. வாசித்தேன். மடித்து அலுமாரியில் வைத்தேன்.

சொல்லியிருந்தால் அந்த மாதமே வீடு மாறியிருப்பார்கள். இரத்தினம்மா திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். நான் என்ன செய்கிறது, சொல்லுங்கள்.

அதற்காக ஏனோதானோ என்று இருந்துவிடவில்லை. தண்ணீரை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் கொதிக்கவைத்தேன். "மாஸ்டர் மாதிரி ஆர் பாப்பினம்," என்று நிஷானி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், கரைந்திருப்பது சட்டியிலேயே நிற்கும், செறிவு கூடும். பத்தாம் வகுப்புப் பாடம், நானே படிப்பித்தது. என்றாலும் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆவணியில் மகன் குடும்பமாக வந்தான். பேரனுக்கும் நாலு மாதம்தான். நான் பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர் வாங்கி இறக்கினேன். நிஷானி படியில் நின்று சிரித்தாள்.

"வெளிநாட்டுப் பிள்ளைக்கு எங்கடை தண்ணி ஒத்துவராது, என்ன மாஸ்டர்?"

"ஓம் பிள்ளை. அதுகளுக்கு வயித்தைக் குழப்பும்."

இரண்டு கிழமை, ஒரே குசினியில் இரண்டு குழந்தைகளுக்கும் நான்தான் பால் கரைத்தேன். மாறிப்போகாமல் கவனமாக இருந்தேன்.

அவர்கள் திரும்பிப் போய் நாலாம் நாள், காலை பத்து மணிபோல, ஆரணியின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. அழவுமில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிஷானி வங்கியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"பால் என்ன தண்ணியிலை கரைக்கிறனீங்கள்? கிணத்துத் தண்ணியோ?"

தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் ஊசி மருந்து இருக்கிறது. கடதாசியின் கடைசி வரி அது.

"போத்தல் தண்ணி, டொக்டர்," என்றேன்.

அவர்கள் இதயத்தில் ஏதும் குறையோ என்று தேடத் தொடங்கினார்கள். நிஷானி என்னைப் பார்த்தாள். "பேரனுக்கு வாங்கினதையோ என்ரை பிள்ளைக்கும் குடுத்தனீங்கள்?" என்று என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் என்ன கைம்மாறு செய்யப்போறன் மாஸ்டர்."

பின்னேரம் மூன்று மணிவரை பிள்ளைக்கு உயிர் இருந்தது. சயந்தன் வந்து சேரவில்லை. நானும் நிஷானியும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். டொக்டர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார். எழும்பிப் போய் ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, அவள் என் கையை விடவேயில்லை. அப்படி நம்பி இருக்கிற ஒரு பிள்ளையின் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.