சத்தத்துக்கு நிற்காத பேச்சு

தலைவர்: …தூங்கிட்டேனா?

சலூன்காரர்: லேசா கண்ணசந்தீங்க தலைவரே. சூடான துண்டை முகத்துல போட்டா யாருக்கும் அப்படித்தான்.

தலைவர்: மணி என்ன?

சலூன்காரர்: கண்ணாடிக்கு மேல பாருங்க. பத்தேகால்.

தலைவர்: அவ்வளவுதானா? ரொம்ப நேரம் தூங்கின மாதிரி இருக்கு.

தபால்காரர்: ராத்திரியெல்லாம் முழிச்சு சொற்பொழிவு எழுதினா அப்படித்தான் அண்ணே. கொஞ்ச நேரக் குறட்டைதான், ஆனா அதுலயும் ஒரு தலைமைப் பண்பு இருந்துச்சு.

தலைவர்: நீ இன்னும் தபால் கொடுக்கக் கிளம்பலையா?

தபால்காரர்: கூட்டத்துக்கு வர எனக்கு லீவு கிடையாது. ஒத்திகையாவது கேட்டுட்டுப் போகலாம்னு உக்காந்தேன்.

தலைவர்: என் போன்?

தபால்காரர்: இங்க என் பக்கத்துல சார்ஜ் ஏறுது. சாகக் கிடந்துச்சு, அணைச்சு வெச்சிருக்கு.

தலைவர்: உன் கையில கடிகாரம் இல்ல?

தபால்காரர்: இந்தத் தெருவுல எவன் அண்ணே கடிகாரம் கட்டறான்?

சலூன்காரர்: தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க. கத்தி வருது. ஓடுபாதைக்குக் கருத்துக் கேக்கற கூட்டம் பதினொண்ணுக்குத்தானே?

தலைவர்: சரியா பதினொண்ணு. பள்ளிக்கூட மண்டபம், இங்கேர்ந்து ரெண்டு தெரு. முதல்ல கூப்பிடறதே நம்ம சங்கத்தைத்தான். தெருவுக்கு ஒரு பேச்சாளர், அஞ்சு நிமிஷம். சொல்றது அப்படியே பதிவாகும். அப்புறம் யாரும் திருத்த முடியாது.

சலூன்காரர்: அப்ப இன்னிக்கு உங்க வாயில இருக்கு எங்க தலையெழுத்து.

தலைவர்: அதனாலதான் மீசையைப் பார்த்து ஒதுக்கச் சொல்றேன். பத்திரிகைக்காரங்க வருவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும்.

தபால்காரர்: பேச்சை எடுத்து விடுங்க அண்ணே.

தலைவர்: ம்… "மாண்பமை ஆணையர் அவர்களே, இரண்டாவது ஓடுபாதை என்ற பெயரில் எங்கள் தெருவின் நெஞ்சிலே தார் ஊற்ற வந்திருக்கும் பெருந்தகைகளே…"

தபால்காரர்: ஓடுபாதைக்கு கான்கிரீட்தானே போடுவாங்க?

தலைவர்: மேடைக்குத் தார்தான் எடுக்கும்.

சலூன்காரர்: போகப்போறது நாப்பத்தி மூணு வீடு, ஒரு கடை. அதைச் சொல்லுங்க தலைவரே. எதிர்வீட்டுக் குழந்தை இப்பத்தான்…

தலைவர்: வருது, வருது, மூணாவது பத்தியில வருது. "நாற்பத்து மூன்று வீடுகள், நாற்பத்து மூன்று அடுப்புகள், அந்த அடுப்புகளின் கண்ணீர்." அடுப்புக்குக் கண்ணீர் வருமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. பரவாயில்லன்னு விட்டுட்டேன். ஏன் கத்தியை எடுத்துட்ட? …என்ன ரெண்டு பேரும் சிலை மாதிரி பாக்கறீங்க?

சலூன்காரர்: …நடக்கப் பழகுது. சத்தம் வந்தா அப்படியே தரையில உக்காந்துடும்.

தலைவர்: எது?

சலூன்காரர்: எதிர்வீட்டுக் குழந்தை. பேசிட்டிருக்கும்போது விமானம் வந்துடுச்சு. போனதும் விட்ட இடத்துலேர்ந்து சொல்றேன்.

தலைவர்: ஓ… விமானம். ஆமா.

தபால்காரர்: நம்ம தெருவுல புருஷன் பொண்டாட்டி சண்டைகூட இப்படித்தான் அண்ணே. "நீயெல்லாம் ஒரு"ன்னு ஆரம்பிப்பாங்க. மேல விமானம் போகும். அது போனப்புறம்தான் "மனுஷனா"ன்னு வரும். போன வருஷம் தெருமுனைக் கூட்டத்துல நீங்களே "நாம்"னு சொல்லி நிறுத்தினீங்க. விமானம் போச்சு. "வீழ மாட்டோம்"னீங்க. கைதட்டல் அடங்கவே இல்ல.

தலைவர்: அந்த இடைவெளிதான் மேடைக்கலை.

தபால்காரர்: இப்ப நீங்க நிறுத்தலையே அண்ணே. குரலை உசத்திப் பேசினீங்க.

தலைவர்: பேச்சுல மூழ்கிட்டேன். கத்தியைப் போடு தம்பி, நேரமாகுது.

சலூன்காரர்: நேரம் இருக்கு. ஒண்ணு கேக்கறேன்… கூப்பிடறப்ப ஆள் இல்லன்னா என்ன பண்ணுவாங்க?

தலைவர்: மூணு தடவை கூப்பிடுவாங்க. வரலைன்னா ரெண்டாவது பேரு.

சலூன்காரர்: ரெண்டாவது பேரு என் வீட்டுக்காரி.

தலைவர்: தெரியும், நான்தானே போட்டேன். படிவத்துல பெண் பிரதிநிதின்னு ஒரு கட்டம். காலியா விட்டா நல்லா இருக்காதேன்னு நிரப்பினேன். பாவம், அது தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து என்ன பேசிடப் போகுது? மைக்கைப் பார்த்தா நூலும் ஊசியும் மறந்துபோகும்.

சலூன்காரர்: வீட்டுல அவ மைக் இல்லாமத்தான் பேசுவா. இதுவரைக்கும் எனக்குக் கேக்காமப் போனதில்ல… தாடையை அசைக்காதீங்க. கடைசிப் பக்கத்தைப் படிங்க.

தலைவர்: கடைசிப் பக்கம் எதுக்கு? அங்க வந்து கேளு.

சலூன்காரர்: கடையை விட்டு எப்படி வர்றது? இங்கயே கேக்கறேன்.

தலைவர்: அது… முடிவுரை. சம்பிரதாயம்.

தபால்காரர்: முடிவுலதானே அண்ணே முடிவு இருக்கும்?

தலைவர்: கத்தியைக் கொஞ்சம் எடு. தொண்டையில வெச்சுக்கிட்டுக் கேட்டா எப்படிப் படிக்கறது?

சலூன்காரர்: எடுத்துட்டேன். படிங்க.

தலைவர்: "…எனினும் நாங்கள் வளர்ச்சியின் எதிரிகள் அல்லர். விரிந்த வானத்தை நோக்கி ஒரு மாநகரம் சிறகு விரிக்கும்போது, சில கூடுகள் இடம் மாறத்தான் வேண்டும். ஆகவே, உரிய மாற்று இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு, கனத்த இதயத்தோடு, எங்கள் குடியிருப்போர் சங்கம் இத்திட்டத்தை ஒருமனதாக வரவேற்கிறது." …என்ன, கேட்டுச்சா? மறுபடி நிக்கறீங்களே.

சலூன்காரர்: …கேட்டுச்சு. இவ்வளவு சத்தத்துலயும் ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு.

தபால்காரர்: விமானத்தையே அமுக்கிட்டீங்க அண்ணே.

சலூன்காரர்: ஒருமனதான்னா அது யார் மனசு?

தலைவர்: சங்கத்தோட மனசு.

சலூன்காரர்: சங்கம் எப்பக் கூடிச்சு?

தலைவர்: எல்லாத்துக்கும் கூடிக்கிட்டிருந்தா தலைவன்னு ஒருத்தன் எதுக்கு?

சலூன்காரர்: எத்தனை மாசம் ஆச்சு தலைவரே?

தலைவர்: எது?

சலூன்காரர்: இந்தத் தெருவை விட்டுப் போய்.

தலைவர்: யார் சொன்னது? …தபாலு?

தபால்காரர்: நான் வாயைத் திறக்கலை அண்ணே. உங்க தபாலெல்லாம் நாலு மாசமா வேற விலாசத்துக்குத் திருப்பி அனுப்பறோம். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லவும் கூடாது. இவரே கண்டுபிடிச்சுக் கேட்டாரு. நான் இல்லன்னு சொல்லல, அவ்வளவுதான்.

சலூன்காரர்: வாசல்ல பூட்டு தொங்குது. கேட்டா ஊருக்குப் போயிருக்கார்னு உங்க சம்சாரத்தோட அக்கா சொல்லுது. நானும் நம்பினேன்.

தலைவர்: அது தற்காலிகம். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கணும். இந்தச் சத்தத்துல எப்படிப் படிக்கும்?

சலூன்காரர்: நியாயம். என் பையன் இங்கதான் படிக்கறான்… புது வீட்டுல ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடியா?

தலைவர்: …ஆமா.

சலூன்காரர்: அதான். ஆரம்பிச்ச வாக்கியம் தடங்கல் இல்லாம முடிஞ்சு பழகிடுச்சு.

தபால்காரர்: அண்ணே, ஒரு பார்சல் இருக்கு. இங்கயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறீங்களா? கனமா இருக்கு.

தலைவர்: அதை அங்க கொண்டு வந்து கொடு.

தபால்காரர்: ஓரம் கிழிஞ்சு வந்திருக்கு அண்ணே, நான் கிழிக்கல. பித்தளைப் பலகை மாதிரி தெரியுது. "விமான நிலைய விரிவாக்க ஆலோசனைக் குழு, கௌரவ உறுப்பினர்"னு எழுத்து. உங்க பேரு பெருசா இருக்கு. குழுவோட பேரு சின்னதா இருக்கு.

சலூன்காரர்: நாப்பத்தி மூணு வீட்டுக்கு ஒரு பலகையா?

தலைவர்: உனக்கு அரசியல் புரியாது தம்பி. எப்படியும் ஓடுபாதை வரத்தான் போகுது. உள்ள நம்ம ஆளு ஒருத்தன் உக்காந்திருந்தாத்தான் நாலு நல்லது கேட்டு வாங்க முடியும். நான் என்ன, எனக்கா கேட்டேன்?

சலூன்காரர்: பலகையில என் பேரா இருக்கு?

தலைவர்: வார்த்தையை அளந்து பேசு.

சலூன்காரர்: இந்தப் பக்கம் திரும்புங்க. மீசையில இடது பக்கம் முடிஞ்சுது… அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுடுங்க தலைவரே. மிச்சத்தை அடுப்பு, கண்ணீர் எல்லாத்தோடயும் படிங்க. நான் இப்பவே துண்டை உதறி, ஓட்டமா உங்களை மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நடந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

தலைவர்: கிழிக்க மாட்டேன்.

தபால்காரர்: யோசிச்சுச் சொல்லுங்க அண்ணே. பழகின தெரு.

தலைவர்: யோசிச்சாச்சு. வாக்குக் கொடுத்துட்டேன்.

சலூன்காரர்: எங்களுக்கும் கொடுத்திருந்தீங்க.

தலைவர்: அது பழைய வாக்கு. இங்க பாரு, சலூன்ல உக்காந்து திட்டம் பேசினா திட்டம் நின்னுடாது. இந்தச் சங்கத்துக்கு லெட்டர் பேடு அடிச்சதே நான். முத்திரை என் பையில இருக்கு. போய்ப் பேசறவனும் நான்தான். நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்ணிடுவீங்க? …என்ன, பதில் காணோம்? உன்கிட்டதான் பேசறேன். கண்ணாடி வேற ஆடுது, அந்தச் சீப்பைப் பிடி, விழப் போகுது. …இப்படியே ஆளையாள் பார்த்துக்கிட்டு நில்லுங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. மீசையை முடிச்சு விட்டா நான் பாட்டுக்குக் கிளம்பறேன்.

தபால்காரர்: …போயிடுச்சு.

சலூன்காரர்: தலைவரே, இப்ப மேல போச்சே, கண்ணாடி ஆடினது… அது எந்த வண்டி?

தலைவர்: எந்த வண்டியா இருந்தா என்ன? ஏதோ ஒரு பெரிய விமானம்.

சலூன்காரர்: இந்தக் கண்ணாடி ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் ஆடும் தலைவரே, பதினொண்ணே கால் வண்டிக்கு. நீங்க குறட்டை விட்டப்ப நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கடிகாரத்தை நாப்பது நிமிஷம் பின்னுக்குத் தள்ளினேன். இங்க குடியிருக்கறவரா இருந்தா அந்தச் சத்தம் கேட்டதுமே சோப்பு நுரையோட எழுந்து ஓடியிருப்பீங்க… மூணு தடவை கூப்பிட்டு முடிச்சு, என் வீட்டுக்காரி பேசியும் முடிச்சு, இந்நேரம் தண்ணி குடிச்சுக்கிட்டிருப்பா. உக்காருங்க, மீசைக்கு வலது பக்கம் பாக்கி இருக்கு.